நேர்ந்து விட்ட சேவலும் ஒரு திருகாணியும்

எனக்குச் சேவல் என்றால் பயம். எல்லாச் சேவலும் இல்லை. கொல்லிமலையில் என் மாமனார் வீட்டு வாசலில் உலாவுகிற ஒரே ஒரு சேவல். அது தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். (சிரிக்காதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.)

நான் காளப்பநாயக்கன்பட்டியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எங்கள் குடும்பமும் மலைக் குடும்பம்தான், அப்பா காலத்திலேயே பிழைப்புக்காகக் கீழே இறங்கிவிட்டோம். பெண் மட்டும் மேலிருந்து எடுத்தோம். என் மனைவி பூங்கொடிக்குச் செம்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். கல்யாணமான அந்த வருஷம் மாசி மாதம் அவர்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்குப் புது மாப்பிள்ளையாக என்னை அழைத்திருந்தார்கள். பட்டு வேட்டி, சட்டைப் பையில் செண்டு வைத்த கைக்குட்டை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி என்று ஒரு மிடுக்கோடுதான் பஸ் ஏறினேன். அந்த மிடுக்கில் பாதி, கொண்டை ஊசி வளைவுகளில் ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது.

மீதிப் பாதி போனது பூங்கொடியின் அண்ணன் பெரியசாமியைப் பார்த்தபோது.

பெரியசாமி மச்சான் அதிகம் பேசமாட்டார். அதுதான் அவரிடம் இருக்கிற பெரிய பயங்கரம். மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தின் உச்சிவரை ஏறுகிறவர். இடுப்பில் எப்போதும் ஒரு கொடுவாள் தொங்கும். கல்யாணத்தன்று தங்கையின் கையை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு, "பாத்துக்கங்க மாப்ள" என்று ஒரே வார்த்தை சொன்னார். அது வேண்டுகோளா எச்சரிக்கையா என்று யோசித்துக்கொண்டே ஒரு மாதம் தூக்கம் கெட்டு அலைந்தேன்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருந்தார். மிளகு நல்ல விலைக்குப் போன ஒரு வருஷம் சேலம் போய் வாங்கி வந்தது. சிவப்பு நிறம். பஸ்ஸில் மடியில் வைத்துக் குழந்தையைப் போலக் கொண்டுவந்தாராம். போனில் வீடியோ பார்த்துத் தானே கற்றுக்கொண்டார். அக்கம்பக்கத்துப் பையன்கள் மூன்று பேரைச் சேர்த்து ஒரு குழுவும் அமைத்துவிட்டார். ஆனால் அதுவரை மேடை ஏறியதில்லை. பண்டிகைக் கமிட்டிக்காரர்களிடம் வருஷா வருஷம் கேட்டு, அவர்கள் வருஷா வருஷம் "பாக்கலாம்" என்று சொல்லி, கடைசியில் அந்த வருஷம்தான், பொங்கல் வைத்து முடிந்த மறுநாள் சாயங்காலம், நடனத்துக்கும் பரிசளிப்புக்கும் நடுவில் அரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். சொதப்பினால் அப்புறம் இந்த ஜென்மத்தில் மேடை கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தெரிந்தே செய்தேன்.

நான் போன அன்று இரவுச் சாப்பாட்டின்போது மச்சான் கிட்டாரை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். "டவுன்ல இருக்கறவுங்க. ஒருக்கா பாருங்க மாப்ள" என்றார்.

பேசாமல் "நல்லா இருக்குங்க மச்சான்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் கடைக்கு வருகிற எந்தப் போனைப் பார்த்தும் நான் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அப்படிச் சொன்னால் கடை நடக்காது. பழக்க தோஷத்தில் கிட்டாரை வாங்கி, ஒரு கம்பியைச் சும்மா மீட்டி, அப்புறம் அதே கம்பியைப் பன்னிரண்டாவது கட்டத்தில் அழுத்தி மீட்டி, உதட்டைப் பிதுக்கினேன். இது நானும் என்றோ ஒரு வீடியோவில் பார்த்ததுதான். இரண்டும் ஒரே சுரமாகக் கேட்க வேண்டும், இரண்டாவது மட்டும் மேல் ஸ்தாயியில். இந்தக் கிட்டாரில் மேலே போகப் போகச் சுதி கொஞ்சம் ஏறி நின்றது. கம்பிகளும் பலகையை விட்டு ரொம்ப உயரத்தில் நின்றன. அழுத்தினால் விரல் வலித்தது.

"இன்டொனேஷன் அவுட்டுங்க மச்சான்" என்றேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோருடைய கையும் அப்படியே நின்றது. மச்சானின் முகம் கறுத்தது. "அப்பிடீன்னா?"

"ஒண்ணும் பயப்படாதீங்க. காலைல நான் சரி பண்ணிடறேன். நம்மகிட்ட டூல்ஸ் இருக்கு."

இருந்தது. மாமனார் வீட்டு விருந்துக்கு ஸ்க்ரூடிரைவர் செட்டோடு போகிற ஆள் நான். (பூங்கொடி அப்போதே என் தொடையில் கிள்ளினாள். அன்பில் கிள்ளுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.)

மறுநாள் காலை மச்சான் மேடைக்குப் பந்தல் போடப் போய்விட்டார். வாசலில் தார்ப்பாய் விரித்து மிளகு காயப் போட்டிருந்தது. பாயின் ஓரத்தில் வெயிலுக்கு வாகாக ஒரு இடம் பிடித்து உட்கார்ந்தேன். அத்தை, அதாவது என் மாமியார், ஒரு நீளக் குச்சியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். "கோழி வந்து மொளகக் கெளறுமுங்க மாப்ள. வந்தா முடுக்கி உட்ருங்க."

கிட்டாரின் அடிப்பக்கத்தில் ஒவ்வொரு கம்பியும் ஒரு சின்ன இரும்புத் துண்டின் மேல் உட்கார்ந்திருக்கும். சேடில் என்பார்கள். அதைப் பின்னால் இருக்கிற ஒரு ஸ்க்ரூவைத் திருகிக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால் சுதி இறங்கிவிடும். அதன் இரண்டு பக்கத்துக் குட்டித் திருகாணிகளைத் திருகினால் கம்பி ஏறும், இறங்கும். வேலை அவ்வளவுதான். அரைத் திருகு இங்கே, கால் திருகு அங்கே. எதையும் கழற்ற வேண்டியதில்லை.

நான் எல்லாவற்றையும் கழற்றினேன்.

செல்போன்காரன் புத்தி அது. எங்கள் தொழிலில் ஒரு போன் கைக்கு வந்தால் முதலில் குடலை உருவி வெளியே போட்டுவிட்டுத்தான் என்ன வியாதி என்றே கேட்போம். கடையில் காந்த விரிப்பு இருக்கும், கழற்றிய ஸ்க்ரூ வைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். இங்கே தார்ப்பாய்தான் இருந்தது. அதில் வரிசையாக அடுக்கினேன். ஆறு சேடில், அவற்றின் ஸ்பிரிங்குகள், அப்புறம் அந்தக் குட்டித் திருகாணிகள். ஒவ்வொன்றும் அரிசிக் குருணை அளவு. வெயில் பட்டுப் பளபளவென்று மின்னின. பார்க்க எனக்கே அழகாகத்தான் இருந்தது.

என் பின்னால் இன்னொருவருக்கும் அழகாக இருந்திருக்கிறது.

'டொக்' என்று ஒரு சத்தம். திரும்பினேன். செம்பழுப்பில் ஆளுயரச் சேவல் ஒன்று (சரி, முழங்கால் உயரம்) நின்றுகொண்டிருந்தது. அதன் கழுத்து மேலும் கீழும் ஒரு தடவை அசைந்தது. குச்சியை எடுத்து வீசினேன், அது நிதானமாக இரண்டடி தள்ளிப் போய் நின்று என்னைப் பார்த்தது. குனிந்து எண்ணினேன். மறுபடி எண்ணினேன். மிளகுக்குள் விழுந்திருக்கும் என்று பாய் முழுக்கக் கையால் துழாவினேன். தடிக் கம்பியின் சேடிலுக்கு உரிய திருகாணி ஒன்று இல்லை.

அதற்கப்புறம் நான் செய்ததைப் பூங்கொடி இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு ஈர்க்குச்சியோடு, அந்தச் சேவலின் பின்னாலேயே நடந்தேன். அது எங்கே எச்சம் போடுகிறதோ அங்கே குத்தவைத்துக் கிளறினேன். மரவள்ளிக் காடு, மாட்டுக் கொட்டகை, பக்கத்து வீட்டு வாசல் என்று ஒன்றும் பாக்கியில்லை. பக்கத்து வீட்டு அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏனுங் தம்பி, மோதரம் கீது தொலச்சுப் போட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. சும்மா காத்து வாங்கறேன்."

"அங்கயா?" என்றார் அந்த அம்மா.

பயத்தில் மனிதனுக்குப் புத்தி வேலை செய்யாது என்பார்கள். என் விஷயத்தில் அது வேலை செய்ததுதான் ஆபத்தாகப் போயிற்று. திரும்பி வந்தபோது அத்தை அரிவாள்மனையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். "மதியத்துக்குக் கோழி அடிக்கலாமுன்னு இருக்கறனுங்க மாப்ள. அந்த வெடக்கோழியப் புடிக்கட்டுங்களா?"

கடவுளே வழி காட்டுகிறார் என்று நினைத்தேன். கையை நீட்டிச் சேவலைக் காட்டினேன். "அத்தை, எனக்கு அந்தச் சேவல்தான் வேணும்."

அத்தையின் கையிலிருந்த அரிவாள்மனை ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளேயிருந்து பூங்கொடி ஓடிவந்தாள். மாமனார் பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

"சாமி, அது நேந்து உட்ட சேவலுங்க" என்றார் அத்தை, குரலை இறக்கி. "பெரியசாமி ஆத்தாளுக்கு நேந்திருக்கறான். கிட்டாரு நல்லபடியா மேட ஏறிட்டா அறுக்கறன்னு வேண்டிக்கிட்டான். அதுவரைக்கும் ஒருத்தரும் கை வெக்கக் கூடாதுங்க. குச்சிய ஓங்கக் கூடக் கூடாதுங்க."

குச்சியை ஓங்கியது மட்டுமல்ல, வீசியும் ஆகிவிட்டது. நான் அந்தக் குச்சியைக் காலால் மெல்லப் பாய்க்கு அடியில் தள்ளினேன்.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கிட்டார் நன்றாக மேடை ஏற வேண்டுமானால் திருகாணி வேண்டும். திருகாணி சேவலின் வயிற்றில். சேவலை அறுக்க வேண்டுமானால் கிட்டார் முதலில் நன்றாக மேடை ஏற வேண்டும். ஒரு மாரியம்மன், ஒரு மச்சான், ஒரு கொடுவாள், மூன்றுக்கும் நடுவில் நான். அன்றைக்கு வெடக்கோழிக் குழம்பு எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

சாப்பாட்டுக்குப் பிறகு மற்ற எல்லாவற்றையும் மாட்டினேன். ஐந்து கம்பி சரியாக நின்றன. ஆறாவதான தடிக் கம்பியின் சேடில் மட்டும் ஒரு கால் உடைந்த நாற்காலியாகச் சாய்ந்து, கம்பி பலகையில் உரசிக் 'கர்ர்' என்றது. செம்மேட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் கிட்டார் ஸ்க்ரூ விற்கிற கடை அங்கே ஏது. தீக்குச்சியை ஒடித்து வைத்தேன், நசுங்கியது. துணியைச் சுருட்டி வைத்தேன், சத்தம் செத்துப்போனது. அப்போதுதான் பாயில் இருந்த மிளகு கண்ணில் பட்டது.

நன்றாகக் காய்ந்த, கல்லைப் போல இருந்த ஒரு மிளகைத் தேடி எடுத்து, திருகாணி இருக்க வேண்டிய பக்கத்தில் சேடிலுக்கு அடியில் வைத்தேன். கம்பியை இழுத்துக் கட்டினேன். அளந்து வைத்ததுபோல உட்கார்ந்தது! சும்மா மீட்டினேன். பன்னிரண்டாவது கட்டத்தில் அழுத்தி மீட்டினேன். போனில் இருந்த சுதிமானி இரண்டுக்கும் பச்சை காட்டியது. சொல்லப்போனால் அந்த ஆறு கம்பிகளில் மிகச் சுத்தமாகச் சுதி சேர்ந்தது மிளகுக் கம்பிதான்.

மச்சான் வந்து வாங்கி வாசித்துப் பார்த்தார். முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பைப் பார்த்தேன். "வெண்ணெயாட்ட இருக்குதுங்க மாப்ள" என்றார். என் தோளில் கை வைத்தார். அந்தக் கை என் தோளிலிருந்து எடுக்கப்படுகிற வரைக்கும் நான் மூச்சு விடவில்லை.

சாயங்காலம் கோயிலுக்கு முன்னால் ஊரே கூடியிருந்தது. பொழுது சாயச் சாயப் பனி இறங்க ஆரம்பித்தது. காய்ந்த மிளகு நனைந்தால் இளகிப்போகும் என்பது அங்கே கூடியிருந்த அத்தனை விவசாயிகளுக்கும் தெரியும். செல்போன்காரனுக்குத் தெரியவில்லை. நான் கூட்டத்தின் கடைசியில், ஓட வசதியாக, ரோட்டோரமாக நின்றுகொண்டேன்.

மச்சான் மைக்கைப் பிடித்தார். அவர் அத்தனை வார்த்தைகள் சேர்ந்தாற்போலப் பேசி அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை. "எல்லாருக்கும் வணக்கமுங்க. இந்தக் கிட்டாரு சுதி சேராமக் கெடந்துதுங்க. எங்கூட்டு மாப்ளதான் சரி பண்ணிக் குடுத்தாருங்க. மாப்ள மேடைக்கு வாங்க."

நான் வரவில்லை. நான்கு பேர் என்னை வரவைத்தார்கள். மேடையில் எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். இறங்கப் பார்த்தேன், கமிட்டித் தலைவர் விடவில்லை, "இருந்து கேட்டுப்போட்டுப் போங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்துவிட்டார். மச்சானுக்கு வலது பக்கத்தில். கிட்டாரின் அடிப்பக்கம் எனக்கு நன்றாகத் தெரிகிற இடம்.

முதல் பாட்டு போயிற்று. நான் பாட்டைக் கேட்கவில்லை. மிளகையே பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் தடிக் கம்பியைத் தட்டும்போதெல்லாம் எனக்கு நெஞ்சில் தட்டியது. கைதட்டல் கேட்டது. இரண்டாவது பாட்டு. ஆத்தா, இந்த ஒரு மிளகை மட்டும் காப்பாற்று, உனக்கு மிளகு மூட்டையே தருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். (யாருடைய மூட்டை என்று அம்மன் கேட்டிருந்தால் பதில் இல்லை.) கூட்டம் எழுந்து ஆட ஆரம்பித்தது. மச்சான் உற்சாகமாகிக் கையை உயர்த்தி ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

'படக்.'

அப்புறம் ஒலிபெருக்கியில் ஒரு சத்தம் கிளம்பியது. லாரி கடைசிக் கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்ற முடியாமல் திணறுகிற சத்தம். கர்ர்ர்ரென்று மலை முழுக்க எதிரொலித்தது. பையன்கள் வாசிப்பதை நிறுத்தினார்கள். ஆடியவர்கள் கையைத் தூக்கியபடியே நின்றார்கள்.

மச்சான் குனிந்து பார்த்தார். சேடிலுக்கு அடியில் விரலை விட்டு எதையோ எடுத்தார். முகர்ந்து பார்த்தார். மைக் அவர் வாய்க்கு நேராக இருந்தது.

"மொளகு" என்றார். நான்கு திசையிலும் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிகள் அதைத் திருப்பிச் சொல்லின. "ஏனுங் மாப்ள, இதுக்குள்ள மொளகு எதுக்குங்க?"

எழுந்து நின்றேன். துண்டு நழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தேன். அதற்குள் பெண்கள் பக்கத்து முதல் வரிசையிலிருந்து அத்தை எழுந்தார். காலையிலிருந்து அவருக்குள் ஓடிக்கொண்டிருந்த கணக்கு அந்த நிமிடம்தான் முடிந்திருக்க வேண்டும். "அட சாமீ! அதுக்குத்தான் காத்தால அந்தச் சேவலக் கேட்டீங்களா? இரும்பு கிரும்ப முழுங்கிப் போடுச்சா?"

நான் தலையாட்டினேன்.

பக்கத்து வீட்டு அம்மாவும் விடவில்லை. "காத்து வாங்கறேன்னு சொன்னீங்களே தம்பி!"

கூட்டத்துக்கு விஷயம் புரிய ஒரு நொடி ஆயிற்று. அப்புறம் கிளம்பிய சிரிப்பு இருக்கிறதே, பந்தல் குலுங்கியது. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு முகத்தை. அது சிரிக்கவில்லை. மச்சான் அந்தத் தடிக் கம்பியை நிதானமாகத் தளர்த்தி, கழற்றி, சுருட்டி, என் கையில் கொடுத்தார். "வெச்சிருங்க" என்றார். மீதி ஐந்து கம்பியில் இரண்டாவது பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அந்தச் சிரிப்போடே ஆடியது. அரை மணி நேரம் ஒரு மணி நேரமாக நீண்டது. நான் மட்டும் கையில் கம்பிச் சுருளோடு, தீர்ப்புக்குக் காத்திருக்கிற கைதியாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

கீழே இறங்கியதும் நேராக அவர் முன்னால் போய் நின்றேன். "மச்சான், என்ன வேணா சொல்லுங்க."

அவர் தன் கைகளை நீட்டிக் காட்டினார். விரல் நுனிகள் நடுங்கிக்கொண்டிருந்தன. "நேத்து நீங்க அவுட்டுன்னு சொன்னதுலருந்து இப்பிடித்தானுங்க. ராத்திரியெல்லாம் தூங்குல. நான் வாசிக்கறதயும் அவுட்டுன்னு சொல்லிப் போடுவீங்களோன்னு."

இந்த ஆளுக்கு நான் பயந்த அதே இரவில் இந்த ஆள் எனக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. (இதைப் பூங்கொடி நடித்துக் காட்டுவதில்லை. அந்த மட்டுக்கும் நல்லவள்.)

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். ஆனால் மறுநாள் காலையில் சேவல் பஞ்சாயத்து வந்தது. நிகழ்ச்சி நன்றாக நடந்தாயிற்று, வேண்டுதலை முடித்துவிடலாம் என்று மாமனார் சேவலைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். மச்சான் ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். "கிட்டாரு மேட ஏறுனா அறுக்கறன்னுதானுங்க வேண்டுனேன். முழுசா எங்க ஏறுச்சு? ஒரு ஸ்க்ரூ இதுக்குள்ளயில்ல கெடக்குது?"

பூசாரியைக் கேட்டார்கள். அவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "ஆமா, பாக்கி இருக்குது. முழுசா ஏறுனப்பறம்தான் அறுக்கோணும்" என்று சொல்லிவிட்டார்.

முழுசாக ஏற வேண்டுமானால் திருகாணி வெளியே வர வேண்டும். திருகாணி வெளியே வர வேண்டுமானால் அறுக்க வேண்டும். மாமனார் சேவலைக் கீழே விட்டார். அது உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு என்னைத் தாண்டி நடந்து போயிற்று.

புதுத் திருகாணி நான் சேலத்திலிருந்து ஒரு பொட்டலமே வாங்கிக் கொடுத்தேன். மச்சான் தொடவே இல்லை. ஒவ்வொரு பண்டிகைக்கும் மேடை ஏறுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, "மாப்ள, நல்லதா ஒரு மொளகு பொறுக்கிக் குடுங்க" என்கிறார். பொறுக்கிக் கொடுக்கிறேன். எந்தப் பாட்டில் அது உடையும் என்று ஊரில் பந்தயம்கூடக் கட்டுகிறார்கள். என் கையில் செல்போனைத் தவிர வேறு எதையும் அந்த வீட்டில் கொடுப்பதில்லை. மிக்ஸியை நான் உற்றுப் பார்த்தால்கூட அத்தை வந்து தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்.

போன வாரமும் போயிருந்தோம். இலை போட்டுக் கோழிக் குழம்பும் ஊற்றியாயிற்று. அத்தை வாசலில் கோழிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி, "எந்தக் கோழி வேணுமுன்னு மாப்ளயே சொல்லீருங்க" என்றார். உள்ளே எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் எதையும் காட்டவில்லை, கையை மடிக்குள் வைத்துக்கொண்டேன். வயசாகித் தொப்பை விழுந்த அந்தச் சேவல் சுவரின் மேல் ஏறி நின்று கூவியது. சுதி கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. மச்சான் என்னைப் பார்த்தார், நான் இலையைப் பார்த்தேன்.

"அவுட்டுங்களா மாப்ள?" என்றார்.

"இல்லீங்க மச்சான். வெண்ணெயாட்ட இருக்குதுங்க" என்றேன்.